பொழுதும் புதரும் முதலில், சிட்டு பிறகு

தமிழ்நாட்டில் சிறு பறவைகளைப் படமெடுக்கும் நண்பர்களுக்கு,

உங்கள் படங்களை விடாமல் பார்த்துவருகிறவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். கருவிகள் நன்றாக வந்துவிட்டன. 150-600 லென்ஸோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குக் கிளம்பும் கல்லூரி மாணவர்களை இன்று சிறிய ஊர்களிலும் பார்க்கலாம். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும் கேமராக்கள் வந்திருக்கின்றன. தையல்சிட்டின் அலகடியில் உள்ள மெல்லிய மயிர்கூடப் படத்தில் துல்லியமாக விழுகிறது. எல்லாமே சந்தோஷப்பட வேண்டிய விஷயங்கள்தான்.

ஆனால் உங்கள் படங்களில் பத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால், எது நன்மங்கலத்து முட்புதரில் எடுத்தது, எது வால்பாறைத் தேயிலைச் சரிவில் எடுத்தது என்று சொல்ல முடியவில்லை. எல்லாவற்றிலும் மழுங்கிய பச்சைப் பின்புலம், குறுக்கே ஒரு குச்சி, குச்சியில் பக்கவாட்டாக உட்கார்ந்து ஃபிரேமை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பறவை. அது எந்த மண்ணில் இருந்தது, எந்த நேரத்தில் இருந்தது என்பதற்குப் படத்துக்குள் எந்தச் சாட்சியும் இல்லை. நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பறவையைத் தேடுவதற்கு முன் வெளிச்சத்தையும் இடத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள்.

இது நம்மிடம் பழைய எண்ணம்தான். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. பறவையை மரம், விலங்கு, உணவு இவற்றோடு கருப்பொருளில் சேர்க்கிறது. பொழுதையும் பெரும்பொழுது, சிறுபொழுது என்று பிரித்து, ஆண்டின் பருவத்தையும் நாளின் வேளையையும் தனித்தனியே கணக்கில் கொள்கிறது. செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம் என்றாலும், சிறு பறவையைப் படமெடுக்க இதைவிடத் தெளிவான வேலைத்திட்டத்தை நான் கண்டதில்லை. என்ன மாதம், என்ன வேளை, என்ன நிலம் என்ற மூன்றும் முடிவானால் எந்தப் பறவை வரும் என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

முதலில் பொழுது. நீங்கள் பார்த்துக் கற்கும் காணொளிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எடுத்தவை. அங்கே காலைப் பொன்வெயில் நின்று நிதானமாகப் போகும். நமக்கு அப்படி இல்லை. சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது, குமரி 8 பாகையில். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில், விடிந்த ஒரு மணி நேரத்தில் நம் வானத்தில் சூரியன் 14 பாகைக்கு மேல் ஏறிவிடும். லண்டனில் அதே ஒரு மணி நேரத்தில் அது ஏறுவது 9 பாகைதான். அவர்கள் சொல்லும் மஞ்சள் வெயில் நமக்கு அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. எட்டரை மணிக்கு வெயில் வெள்ளையாகி, பறவையின் தலைக்கு மேலே போய், கண்குழியில் நிழலை இறக்கிவிடும்.

அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தில் இரண்டு மடங்காக இருக்கும்போது சூரியன் சுமார் 27 பாகை உயரத்தில் இருக்கிறது. அதுவரை வெயில் பறவையின் கண்ணுக்குள் போகும், மார்பு இறகுகளின் அடுக்கு தெரியும். நிழல் உங்கள் உயர அளவுக்குச் சுருங்கிவிட்டால் சூரியன் 45 பாகைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு திறந்த வெளியில் நிற்பதில் பயனில்லை. மரநிழலுக்குப் போய்விடலாம், அல்லது கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பறவையை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது வேலையை நாம் குறைவாகவே செய்கிறோம் என்பது என் எண்ணம்.

ஏப்ரலில் இன்னும் கடுமை. அந்த மாதத்தின் இரண்டாம் வாரத்தில் குமரியிலும் நான்காம் வாரத்தில் சென்னையிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மறுபடி தெற்கே இறங்கும்போது, ஆகஸ்டில் சென்னையிலும் செப்டம்பர் தொடக்கத்தில் குமரியிலும் அப்படியே. அந்த வாரங்களில் நல்ல வெளிச்சம் என்பது காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். மார்கழிக்கு வந்தால் நிலைமையே வேறு. டிசம்பர் பிற்பகுதியில் சென்னையில் உச்சிவேளையில்கூடச் சூரியன் சுமார் 54 பாகைக்கு மேல் ஏறாது. காலை வெயில் சாய்ந்தே வருகிறது, மெதுவாகவே ஏறுகிறது. வடக்கிலிருந்து வலசை வந்த கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் அப்போது நம் தோப்புகளில் இருக்கின்றன. சாய்ந்த வெயிலும் வலசைப் பறவைகளும் ஒரே மாதங்களில் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை! பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். படமெடுப்பவர்களில் பலர் கோடை விடுமுறையில்தான் காட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

மேகமூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ‘இன்றைக்கு வெளிச்சம் இல்லை’ என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். சிறு பறவைக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வெயிலில் இலைகளின் மேல் பளிச்சென்று வெள்ளைத் திட்டுகள் விழும், இலைகளுக்கு நடுவே கன்னங்கரிய ஓட்டைகள் தெரியும். அந்தக் குழப்பத்துக்குள் பத்து சென்டிமீட்டர் பறவை தொலைந்துபோகும். மேகம் மூடினால் புதர் முழுவதும் ஒரே சீராக ஒளி பெறும். மாம்பழச்சிட்டின் மஞ்சளுக்கும் வேப்பிலையின் பச்சைக்கும் இருக்கும் நுட்பமான வேறுபாடு அப்போதுதான் படத்தில் வரும். மழை விட்ட அரைமணி நேரத்தில் இலைகள் கழுவப்பட்டு, பூச்சிகள் வெளிவர, பறவைகள் பசியோடு அலையும். குடை ஒன்று கையில் இருந்தால் போதும்.

வெயில் வேண்டிய பறவையும் உண்டு. ஊதாத் தேன்சிட்டின் ஆணை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து கிராம் எடைகூட இராது. கல்யாண முருங்கை பூத்திருக்கும் மாசி மாதத்தில் பூங்கொத்தின் நுனியில் உட்கார்ந்திருக்கும்போது முதலில் அது கரிக்கட்டையாகத்தான் தெரியும். தலையை இந்தப் பக்கம் திருப்பும். நெற்றியில் பச்சை ஓடும். கொஞ்சம் கழுத்தை நீட்டும். தொண்டையில் ஊதா பற்றிக்கொள்ளும். மறுநொடி மீண்டும் கரி. அந்தப் பச்சையும் ஊதாவும் சாயம் அல்ல. இறகின் நுண்ணிய கிளைகளுக்குள் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் நிறமாகின்றன. கோணம் மாறினால் நிறம் மாறும், கோணம் தவறினால் நிறமே இல்லை. எனவே இந்தப் பறவைக்குச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக இருக்க வேண்டும். உங்கள் நிழல் பூங்கொத்தை நோக்கி நீண்டிருக்க வேண்டும். பூமரத்தை முதல்நாளே பார்த்து, காலையில் எந்தக் கொப்பில் வெயில் முதலில் விழுகிறது என்று குறித்துக்கொண்டால், மறுநாள் தேன்சிட்டின் பின்னால் ஓட வேண்டியதில்லை. அது அந்தக் கொப்புக்கு வரும். கூடு கட்டும் பருவம் முடிந்ததும் அதே ஆண், அடிவயிறு மஞ்சளாகி, தொண்டையிலிருந்து கீழே ஒரு கருங்கோடு மட்டும் இழுத்த வேறொரு பறவையாகிவிடும். அந்தக் கோலத்தில் அதை எடுத்தவர்கள் மிகக் குறைவு. அழகில் அது தாழ்ந்ததே இல்லை.

கறுப்பும் வெள்ளையுமான பறவைகளிடம் கேமரா தடுமாறும். கேமராவின் ஒளிமானி பார்ப்பது ஃபிரேம் முழுவதையும். சோலையின் இருட்டுக்குள் வெள்ளை வால் நாடாக்களோடு அரசவால் ஈப்பிடிப்பான் வந்து உட்கார்ந்தால், இருட்டைக் கண்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பறவை வெந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அங்கே எக்ஸ்போஷரை ஒரு படி, சில சமயம் அதற்கும் மேல், குறைக்க வேண்டும். ஆண் கருஞ்சிட்டு வானத்தை முதுகுக்குப் பின் வைத்துப் பாறையில் நின்றால் இதற்கு நேர்மாறு, கூட்ட வேண்டும். குண்டுகரிச்சானில் இரண்டு நிறமும் இருப்பதால் அதுதான் மிகப் பெரிய சோதனை. மொட்டைமாடி ஆன்டெனாவில் விடியலில் அது பாடும்போது வெயில் வரும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. வெயில் வந்தபின் வெள்ளையைக் காப்பாற்றினால் கறுப்பு போகும், கறுப்பைக் காப்பாற்றினால் வெள்ளை போகும். வெள்ளையைக் காப்பாற்றுங்கள். கறுப்பில் ஒளிந்திருப்பதைப் பின்னால் ஓரளவு மீட்கலாம், எரிந்துபோன வெள்ளையை மீட்க வழியே இல்லை.

கண்ணில் ஒளிப்பொட்டு விழுகிறதா என்று பார்ப்பது உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். அதற்கு மேல் ஒன்று சொல்கிறேன். அந்தப் பொட்டு வானத்தின் சாயல். பறவை தலையைச் சற்றே மேலே தூக்கும்போதும், உங்கள் பக்கம் இலேசாகத் திரும்பும்போதும் அது விழும். தலை குனிந்தாலோ அப்பால் திரும்பினாலோ விழாது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வினாடிக்கு இருபது படம் எடுப்பதைவிட, இந்தச் சிறு அசைவுக்குக் காத்திருந்து அழுத்தும் விரலுக்குப் பலன் அதிகம்.

இனி இடம். 600 மில்லிமீட்டர் லென்ஸில், எஃப் 6.3-இல், ஐந்து மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவையை எடுத்தால், முழு ஃபிரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். தையல்சிட்டு உங்களை நேருக்கு நேர் பார்த்து நின்றால் அலகும் கண்ணும் வாலும் ஒருசேரத் தெளிவாக வர வழியில்லை. எட்டு மீட்டருக்குப் பின்வாங்கினால் அந்த ஆழம் ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் விரிகிறது. மூன்று மீட்டர் பின்னால் போனதற்கே இவ்வளவு லாபம். பறவைக்கும் நிம்மதி. அது உங்களை மறந்து பூச்சி பிடிக்கத் தொடங்கும். படத்தில் அது சிறுத்துப்போகும் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. சிறுக்கட்டுமே.

இங்கே மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். 1950 தொடங்கி கடைசி நாட்கள்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள், தியடோர் பாஸ்கரனின் தொகுப்பில் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. பல உதிரி பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கனமான கேமராவில், கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வண்ணமே இல்லாதபோது ஒளிப்படக்காரனிடம் மிஞ்சுவது வெளிச்சமும் அமைப்பும் மட்டும். அவர் படங்களில் விலங்கு தன் காட்டோடு சேர்ந்து நிற்கிறது. புல்லின் உயரம் தெரிகிறது, மரத்தின் பட்டை தெரிகிறது, விலங்கின் மேல் எந்தப் பக்கத்திலிருந்து ஒளி விழுகிறது என்பது தெரிகிறது. உங்கள் படங்களில் ஒன்றை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். மாம்பழச்சிட்டின் மஞ்சள் போனபின்பும் படம் நிற்கிறதா? நின்றால் அது நல்ல படம்.

பின்புலம் மழுங்கியிருப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. எதை மழுக்குகிறோம் என்பதுதான் கேள்வி. பறவைக்குப் பின்னால் முப்பது மீட்டர் தள்ளிக் காய்ந்த சோளக்கொல்லை இருந்தால், மழுங்கிய நிலையிலும் அது வைக்கோல் நிறத்தில் தை மாதத்தைச் சொல்லும். செம்மண் வரப்பு இருந்தால் செம்மையாக வரும். நீலகிரியின் மூடுபனி இருந்தால் சாம்பல் நீலமாக வரும். இடது பக்கமாக இரண்டடி நகர்ந்தால் பச்சை போய்ச் செம்மண் வந்துவிடும் என்பதைக் கவனிக்க ஒரு நிமிடம் ஆகும். பறவை வருவதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுங்கள். வெறும் குச்சியைக் குறிவைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பறவை இல்லாமலே அந்தப் படம் பார்க்கும்படி இருந்தால், அங்கேயே உட்காருங்கள்.

முன்புலத்தையும் பயன்படுத்தலாம். கதிர்க்குருவி வாழ்வதே முள்ளுக்குள்தான். குறுக்கே வரும் ஒவ்வொரு முள்ளையும் கணினியில் அழித்துத் துடைத்துவிட்டால், பருந்துக்கும் வல்லூறுக்கும் பயந்து அது ஏன் அங்கே குடியிருக்கிறது என்பதே படத்திலிருந்து போய்விடுகிறது. லென்ஸுக்கு வெகு அருகில் இருக்கும் புல்லோ இலையோ ஒரு மெல்லிய நிறப்புகையாகக் கரைந்து, நடுவில் பறவைக்கு ஒரு ஜன்னலைத் திறந்துவிடும். கண்ணின் மேல் மட்டும் எதுவும் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். குச்சியைச் சொடுக்கி அழிக்கும் வசதி இப்போது எல்லா மென்பொருளிலும் வந்துவிட்டது. அதைத் தொடாதீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

பாடும் பறவை எங்கே உட்கார்ந்து பாடுகிறது என்பது தற்செயல் அல்ல. கதிர்க்குருவி புல்தண்டின் உச்சியில் வந்து, வாலைத் தூக்கி, தண்டு வளைய வளையப் பாடும். அந்த வளைவுதான் படம். பறவையை மட்டும் கத்தரித்து எடுத்தால் எட்டு கிராம் உடம்பு எவ்வளவு கனம் என்பது தெரியாது. தண்டின் வளைவு முழுவதும் ஃபிரேமில் இருந்தால் அந்தக் கனம் தெரியும். புதர் வானம்பாடி பாடிக்கொண்டே மேலேறி, கால்களைத் தொங்கவிட்டபடி மிதந்து இறங்கி, பழைய புதரின் தலையிலேயே வந்து உட்காரும். இறங்கும் இடம் தெரிந்துவிட்டால் மண்ணில் குப்புறப் படுத்து, பறவையின் கண்மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்திக் காத்திருக்கலாம். நின்ற மட்டத்திலிருந்து எடுத்தால் தரைதான் பின்புலம். படுத்தால் தொடுவானம் பின்புலம். டிக்கெல் பூங்கொத்தி எட்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள பறவை, நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. அதற்குப் புல்லுருவி மண்டிய மாமரம்தான் வீடு. புல்லுருவிப் பழத்தைத் தின்றுவிட்டு, ஒட்டிக்கொள்ளும் விதையைக் கிளையில் தேய்த்துத் தேய்த்து அகற்றும். தேய்த்த இடத்தில் அடுத்த புல்லுருவி முளைக்கும். அந்தத் தேய்ப்பை எடுத்த படம் ஒன்றுக்காக, நூறு பக்கவாட்டுப் படங்களைக் கொடுத்துவிடலாம்.

இதற்கெல்லாம் நேரமாகும் என்பதால்தான் சிலர் செல்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கிறார்கள். நண்பர்களே, இதை நிறுத்துங்கள். ஆண் பறவைக்கு அந்தக் குரல் தன் எல்லைக்குள் நுழைந்த எதிரியின் குரல். இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு வருகிறது. இல்லாத எதிரியைத் தேடி, கிளைக்குக் கிளை தாவி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கத்துகிறது. நீங்கள் ‘பாடுகிறது’ என்று தலைப்புக் கொடுத்துப் போடும் படத்தில் இருப்பது பதறி நிற்கும் பறவை. பழகிய கண்ணுக்கு அது படத்திலேயே தெரிந்துவிடும்.

கூட்டைப் பொறுத்தவரை சட்டமே பேசிவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் கூட்டையோ முட்டைகளையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. தையல்சிட்டு தைத்த இலையை வெளிச்சத்துக்காக விலக்கிவிட்டால், அந்த ஓட்டை வழியாக உச்சிவெயிலும் காக்கையும் உள்ளே வரும். நல்ல வெளிச்சத்துக்காகச் செய்ததுதான் என்று சொல்லி அந்தக் குஞ்சுகளிடமிருந்து தப்ப முடியாது.

ஒரு காலத்தில் கூட்டருகே எடுத்ததற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவின் எலியட் போர்ட்டர் மருத்துவம் படித்தவர், ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறையில் ஆராய்ச்சியும் ஆசிரியப் பணியும் செய்தவர். அதை விட்டுவிட்டுப் பாடும் பறவைகளை வண்ணத்தில் எடுக்கக் கிளம்பினார். 1943-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய பறவைப் படங்களைக் காட்சிக்கு வைத்தது. பெரும்பாலும் கூட்டருகே, ஃபிளாஷ் ஒளியில் எடுத்தவை. அன்றைய வண்ணச் சுருளின் உணர்திறன் இன்றைய கணக்கில் ஐஎஸ்ஓ 10-ஐ ஒட்டியது. பறவை திரும்பித் திரும்பி வரும் இடமும் செயற்கை வெளிச்சமும் இல்லாமல் அவரால் ஒரு படமும் எடுத்திருக்க முடியாது. அந்தக் கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஐஎஸ்ஓ 6400-இல் கூசாமல் எடுக்கும் கருவி உங்கள் கையில் இருக்கிறது.

அந்த வசதி எதற்கு என்றால் சோலைக்கு. கோத்தகிரியின் லாங்வுட் சோலைக்குள் விடிந்து வெகுநேரம் ஆனபின்பும் தரையில் மங்கல்தான். நீலகிரிச் சோலைக்கிளி அந்த மங்கலில்தான் நடமாடுகிறது. பாசி படிந்த கல், அழுகும் இலை, அதன் மேல் நீலமும் செம்பழுப்புமாக ஒரு பறவை. அங்கே ஃபிளாஷ் அடித்தால் காடு கறுத்து, பறவை மட்டும் கடைக் கண்ணாடிக்குள் வைத்த பொம்மையாகத் தெரியும். முக்காலியையோ முழங்காலையோ ஊன்றிக்கொண்டு, ஷட்டரை 1/125 வரைகூடத் தாழ்த்தி, பறவை நிற்கும் கணத்துக்குக் காத்திருங்கள். அது ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். நிற்கும் கணங்கள் நிறைய இருக்கின்றன. பத்தில் எட்டுப் படம் அசைந்துதான் போகும், போகட்டும். மிஞ்சும் இரண்டில் சோலையின் இருட்டும் சேர்ந்து விழுந்திருக்கும். இருட்டை இருட்டாகவே விடுங்கள். நிழலை எல்லாம் தூக்கி வெளுக்க வைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதனால் கெட்டுப்போன நல்ல சோலைப் படங்கள் ஏராளம்.

புழு வைத்து, கிளை நட்டு, மறைவிடம் கட்டி வாடகைக்கு விடும் இடங்கள் மலையடிவாரங்களில் பெருகிவருகின்றன. அங்கே பின்புலமும் வெளிச்சமும் தேர்ந்த கையால் அமைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒருமுறை போவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே கிளையில் அதே பறவையை ஆயிரம் பேர் எடுத்திருக்கிறார்கள். வெளிச்சத்தையும் இடத்தையும் வேறொருவர் உங்களுக்காக முடிவு செய்துவிட்டார். கோடையில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, காலை வெயில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நீங்களே இடம் தேர்வது அதைவிட நூறு மடங்கு மேல். சின்னான் வரும், வெள்ளைக்கண்ணி கூட்டமாக வரும், தேன்சிட்டு ஈர இலையில் புரண்டு குளிக்கும். புழு மட்டும் வைக்காதீர்கள்.

பறவையை ஃபிரேம் முழுக்க அடைப்பதற்குச் செல்பேசித் திரையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உள்ளங்கை அளவுத் திரையில், நிலப்பரப்புக்கு நடுவே இருக்கும் சிட்டு ஒரு புள்ளி. கட்டைவிரல் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. விருப்பக்குறி குறைகிறது, நீங்கள் இன்னும் இறுக்கிக் கத்தரிக்கிறீர்கள். இதற்கு மருந்து அச்சு. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் ஒரு படத்தை அச்சிட்டுச் சுவரில் மாட்டிப் பாருங்கள். ஃபிரேமில் இருபதில் ஒரு பங்கே உள்ள கதிர்க்குருவியைக் கண் தானே தேடிப் போகும். காட்டில் தேடியது போலவே முதலில் புல்லைப் பார்த்து, பிறகு அசைவைப் பார்த்து, கடைசியில் பறவையைக் கண்டுபிடிக்கும். பார்க்கிறவருக்கு அந்தத் தேடலைக் கொடுக்கும் படம் சீக்கிரம் சலிக்காது.

குழுக்களுக்கு ஒரு யோசனை. வரும் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரே ஒரு புதரையோ பூமரத்தையோ தேர்ந்துகொள்ளலாம். உடைமுள் வேலியாக இருக்கலாம், ஏரிக்கரைப் பூவரசாக இருக்கலாம், பள்ளிக்கூடத்து வேம்பாக இருக்கலாம். மேகத்திலும் வெயிலிலும், விடியலிலும் பொழுது சாயும் எற்பாட்டிலும் அதையே எடுங்கள். பங்குனி முடிவில் ஆளுக்கு ஐந்து படம் அச்சிட்டு, அந்தந்த ஊர்ப் பள்ளியிலேயே மாட்டுவோம். படத்துக்குக் கீழே கேமராவின் பெயரும் லென்ஸின் பெயரும் வேண்டாம். பறவையின் பெயர், அது உட்கார்ந்திருக்கும் செடியின் பெயர், மாதம், வேளை, ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை எழுதுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் எழுதாதீர்கள். செடியின் பெயர் தெரியாவிட்டால் ஆடு மேய்க்கும் பெரியவர்களைக் கேளுங்கள். தழையைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்